மலைவீட்டில் வேதியியல் கணக்கு: மாரமங்கலத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயனுள்ள குறிப்புகள்

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற ஊர்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வேதியியலில் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் திணறுகிறார்கள். ஒன்று, 'வாயு நிலைமை' பாடத்துக் கணக்குகள். மற்றொன்று, கரிமச் சேர்மங்களின் பெயர்களும் வினைகளும். தனிப்பயிற்சிக்குப் போவதென்றால் மலையிறங்க வேண்டும். மாலைப் பேருந்தை விட்டால் வீடு திரும்ப வழியில்லை. ஆனால் அந்த இரண்டு பாடங்களும் பேசுகிற பொருள்கள் அத்தனையும் இந்த மலைவீடுகளின் அடுப்படியிலும் காப்பித் தோட்டத்திலும் இருக்கின்றன. அவற்றையே கணக்காக்கிப் பழகினால் பாடநூல் கணக்கு தானாக வசப்படும். வேதியியல் படிக்காத பெற்றோரும் இதில் உதவலாம். எப்படி என்று கீழே பாருங்கள்.

1. முதல் வேலையாக, மலையின் எண்களை ஒரு தாளில் எழுதிப் படிக்கிற இடத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

பாடநூல் கணக்குகள் பெரும்பாலும் 273 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தம் என்றே தொடங்கும். இந்த மலையில் அந்த நிலையில் யாரும் வாழவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 634 மி.மீ. பாதரசம், அதாவது 0.83 வளிமண்டலம். அடிவாரத்தில் சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 0.97 வளிமண்டலம். உங்கள் வீடு 1,500 மீட்டருக்குக் கீழே இருந்தால், இறங்குகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 8 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி வெப்பநிலை. மலையில் சராசரிப் பகல் 22 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் 295 கெல்வின். சேலத்தில் 35 டிகிரி என்றால் 308 கெல்வின். இந்த எண்களை நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் போட்டால், ஒரு மோல் வாயு மலையில் 29.2 லிட்டர் இடம் பிடிக்கிறது, சேலத்தில் 26 லிட்டர், பாடநூலில் 22.4 லிட்டர். இந்த மூன்று எண்களையும் பிள்ளை தன் கையால் ஒருமுறை கணக்கிட்டு வரட்டும். வாயுப் பாடத்தின் பாதி அந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்ன வசதி ஒன்றும் இதில் உண்டு. 0.83 என்பது ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. 0.83 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் போதும்.

2. 22.4 ஆ, 22.7 ஆ என்று வீட்டில் சண்டை வேண்டாம்.

அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7 லிட்டர். அனைத்துலக வேதியியல் கழகம் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பாராக மாற்றியதால் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கேள்வியில் எது தரப்பட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். வாயு மாறிலியும் அப்படித்தான்: லிட்டரும் வளிமண்டலமும் வந்தால் 0.0821, லிட்டரும் பாரும் வந்தால் 0.0831, ஜூல் வந்தால் 8.314.

3. வேதியியல் தெரியாத பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

பிள்ளை கணக்கைப் போட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வெப்பநிலையில் 273 கூட்டினாயா? ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு எழுதியிருக்கிறதா? விடை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்று முன்கூட்டியே யோசித்தாயா? வாயுக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் கனஅளவு இரட்டிப்பாகும் என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் நிறைய. கெல்வினில் அது 293இலிருந்து 313. கூடுதல் ஏழு விழுக்காடுதான். காப்பித் தோட்டத்தில் வேலை முடித்து வந்த அம்மாவும் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். கேட்கிற ஆள் வீட்டில் இருக்கிறார் என்பதே பிள்ளையின் கையெழுத்தைத் திருத்திவிடும்.

4. சேலத்தில் வாங்கிய மிக்சர் பாக்கெட்டை உடனே பிரிக்காதீர்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வரும்போது அது உப்பிப் புடைத்திருக்கும். அது அப்படியே ஒரு தேர்வுக் கேள்வி. சேலத்தில் பாக்கெட்டுக்குள் 500 மி.லி. வாயு, 0.97 வளிமண்டலம், 308 கெல்வின். மலையில் 0.83 வளிமண்டலம், 295 கெல்வின். உறை தடையில்லாமல் விரியும் என்று வைத்துக்கொண்டால் புதிய கனஅளவு என்ன? பாயில் விதியை மட்டும் பயன்படுத்தினால் 584 மி.லி. வரும். குளிரையும் சேர்த்தால் 560 மி.லி. மேலே போகப் போக அழுத்தம் குறைவது வாயுவை விரிக்கிறது, குளிர் சுருக்குகிறது. இங்கே அழுத்தம் ஜெயிக்கிறது. இணைந்த வாயுச் சமன்பாடு எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கைப் போட்டதும் விட்டுவிடாமல் அதையே நான்காகப் பிரியுங்கள். கனஅளவைக் கொடுத்துவிட்டு அழுத்தத்தைக் கேளுங்கள். அழுத்தத்தைக் கொடுத்து வெப்பநிலையைக் கேளுங்கள். பத்துப் புதிய கணக்கை ஒருமுறை மட்டும் போடுவதைவிட, இரண்டு கணக்கை நாலு பக்கமும் திருப்பிப் போடுவது நிலைக்கும்.

5. டயரும் குக்கரும் காட்டுவது முழு அழுத்தம் அல்ல.

காற்று அடிக்கிற கடையில் மீட்டர் 30 பி.எஸ்.ஐ. காட்டினால், அது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள கூடுதல் மட்டும். வாயு விதிகளில் போட வேண்டியது மொத்த அழுத்தம். சேலத்தில் வெளிக்காற்று 14.2 பி.எஸ்.ஐ.; ஆக மொத்தம் 44.2. மலையேறி டயரும் 22 டிகிரிக்குக் குளிர்ந்த பிறகு மொத்தம் 42.3 ஆகக் குறைகிறது. ஆனால் இங்கே வெளிக்காற்றும் 12.2 ஆகக் குறைந்துவிட்டதால் மீட்டர் மறுபடி ஏறக்குறைய 30ஐயே காட்டும்! உள்ளே அழுத்தம் குறைந்தும் மீட்டர் முள் அசையவில்லை. பிள்ளையை இந்தக் கணக்கை ஒருமுறை போடவிடுங்கள். அளவி அழுத்தத்துக்கும் தனி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு பிறகு மறக்காது.

குக்கருக்கும் இதே நியாயம். திறந்த பாத்திரத்தில் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. துவரம்பருப்பு வேக மறுப்பது அதனால்தான். குக்கரில் விசில் எடை ஏறத்தாழ 1 வளிமண்டலம் கூட்டுவதால் உள்ளே மொத்தம் 1.8 வளிமண்டலத்துக்கு மேல். வெப்பநிலை 117 டிகிரியைத் தொடும். மலையில் பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கரில் வேகட்டும். விறகும் கேஸும் மிச்சம்.

6. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

மலையில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு என்று பலரும் சொல்வார்கள். விழுக்காடு மாறுவதில்லை, இங்கும் 21தான். குறைவது பகுதி அழுத்தம்: 0.21 × 0.83 = 0.174 வளிமண்டலம். 1804இல் கே-லூசாக் பலூனில் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரம் ஏறி, காற்றைக் குடுவையில் பிடித்துவந்து சோதித்தார். தரையில் உள்ள காற்றின் கலவையே அங்கும் இருந்தது. டால்டனின் பகுதி அழுத்த விதியைப் படிக்கும்போது இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. இட்லி மாவை ஒரு முழுக் கணக்காக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான். வாயுப் பாடமும் கரிமப் பாடமும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன. மாவில் இருக்கும் லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கார்பன் டைஆக்சைடு என்று உடைக்கிறது. நிறை பொருந்துகிறதா என்று பாருங்கள்: 180 = 90 + 46 + 44. பொருந்துகிறது.

இரவில் ஒரு லிட்டர் மாவு கரைத்து, பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். காலையில் அது 1.6 லிட்டராக உயர்ந்திருந்தால், உள்ளே சிக்கியிருக்கும் வாயு 0.6 லிட்டர். மலையில் ஒரு மோலுக்கு 29.2 லிட்டர், ஆக 0.0205 மோல். அப்படியானால் செலவான குளுக்கோஸ் 3.7 கிராம். உருவான லாக்டிக் அமிலம் 1.85 கிராம், புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. எத்தனால் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது ஆவியில் வேகும்போது போய்விடும். மாவிலிருந்து தப்பிப்போன வாயுவையும் பிற நுண்ணுயிர்களின் வேலையையும் நாம் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் பிள்ளை ஒரு வரியாக எழுதட்டும். எதை விட்டோம் என்று சொல்லத் தெரிவதும் கணக்கின் பகுதியே.

பிறகு கேள்விகளை நீட்டலாம். லாக்டிக் அமிலத்தின் ஐ.யு.பி.ஏ.சி. பெயர் என்ன? 2-ஹைட்ராக்சிபுரொப்பனாயிக் அமிலம். அதில் எந்தக் கார்பன் சீர்மையற்றது? இரண்டாவது. எத்தனாலுக்கு மாற்றியம் உண்டா? மீத்தாக்சி மீத்தேன். ஒரு பாத்திர மாவிலிருந்து ஒரு மாலை நேரத்துக் கேள்விகள் கிடைத்துவிடும்.

மாவு பொங்காமல் போகிற மார்கழிக் குளிருக்கு: அரைக்கும்போது வெந்தயத்தைச் சற்றுக் கூட்டுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள், பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையோரம் வையுங்கள்.

8. எலுமிச்சையும் சமையல் சோடாவும்.

சமையல் சோடாவின் மோலார் நிறை 84. 4.2 கிராம் எடுத்தால் 0.05 மோல். போதுமான எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ந்தால் 0.05 மோல் கார்பன் டைஆக்சைடு வரும். சோடாவைப் பலூனுக்குள் போட்டு, சாறு இருக்கும் பாட்டிலின் வாயில் பலூனை மாட்டிக் கவிழ்க்கலாம். மலையில் எத்தனை லிட்டர் வர வேண்டும், சேலத்தில் எத்தனை? பிள்ளை போடட்டும்; விடையைக் கடைசிக் குறிப்பில் தருகிறேன். பலூனில் அளந்தால் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். கொஞ்சம் வாயு சாற்றிலேயே கரைந்துவிடுகிறது. ரப்பரும் இறுக்கிப் பிடிக்கிறது. கண்ணாடிப் பாட்டிலை இறுக மூடி இதைச் செய்யவே கூடாது.

9. கேஸ் சிலிண்டரைப் பாடமாகவும் படியுங்கள், பாதுகாப்பாகவும் வையுங்கள்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எல்.பி.ஜி.; புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றின் சராசரி மோலார் நிறை 29. புரொப்பேன் 44, பியூட்டேன் 58. காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தவழும். மேலே உள்ள சன்னல் வழியாகத் தானாகப் போகாது. சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றுப்போக்கி இருக்க வேண்டும் என்பது இதனால்தான். குழியிலோ படிக்குக் கீழோ சிலிண்டரை வைக்காதீர்கள்.

இதை எண்ணால் பார்ப்போம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட அறையில் ஏறத்தாழ 24,000 லிட்டர் காற்று. பியூட்டேன் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும் கலவை. அதாவது 480 லிட்டர். 29.2 ஆல் வகுத்தால் 16.4 மோல், 58 ஆல் பெருக்கினால் 950 கிராம். ஒரு கிலோ கூடக் கசிய வேண்டியதில்லை. அதுவும் தரையோரம் தேங்கினால் அந்த மூலை இன்னும் முன்னதாகவே ஆபத்தாகிவிடும். கசிவு மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

எரிதல் சமன்பாட்டுப் பழக்கம்: ஒரு லிட்டர் பியூட்டேனுக்கு 6.5 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். காற்றாகச் சொன்னால் 31 லிட்டர். புரொப்பேனுக்கு 5 லிட்டர் ஆக்சிஜன். எந்த ஆல்கேனுக்கும் கார்பன் எண்ணிக்கையோடு ஹைட்ரஜன் எண்ணிக்கையில் கால் பங்கைக் கூட்டினால் தேவையான ஆக்சிஜன் மோல் வந்துவிடும்.

10. காப்பியும் மிளகும்: தோட்டத்திலேயே இரண்டு கரிமக் கணக்குகள்.

இந்த மலையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைப் பயிரிட்டார். இன்று நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கீழே காப்பிச் செடி. இரண்டின் முக்கியச் சேர்மங்களும் ஒரே ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டவை: 1819இல் ஜெர்மனியில் ருங்கே காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனையும், டென்மார்க்கில் அர்ஸ்டெட் மிளகிலிருந்து பைப்பரீனையும் எடுத்தார்கள். மின்னோட்டத்தின் காந்த விளைவைக் கண்டுபிடித்தாரே, அதே அர்ஸ்டெட்தான்.

காஃபீன் மூலக்கூறில் 8 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். மோலார் நிறை முழு எண்ணில் 194. கணக்குப் போட இதைவிட வசதியான சேர்மம் கிடைக்காது. 0.194 கிராம் எடுத்தால் ஆயிரத்தில் ஒரு மோல். அதை முழுமையாக எரித்தால் கார்பன் டைஆக்சைடு 0.352 கிராம், நீர் 0.090 கிராம். இந்த எண்களைக் கொடுத்து, கார்பன், ஹைட்ரஜன் விழுக்காட்டைக் கேளுங்கள். டூமாஸ் முறையில் அதே 0.194 கிராமிலிருந்து வரும் நைட்ரஜன், 273 கெல்வின், 1 வளிமண்டல நிலையில் 44.8 மி.லி. இதே சோதனையை நம் மலையில், 22 டிகிரியில், நீருக்கு மேல் வாயுவைச் சேகரித்துச் செய்தால் எத்தனை மி.லி. காட்டும்? 22 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 20 மி.மீ. பாதரசம். வாயு விதியும் கரிமப் பகுப்பாய்வும் சேர்ந்த கேள்வி, விடை கடைசியில்.

பைப்பரீனில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். மோலார் நிறை 285. அது ஓர் அமைடு. நீராற்பகுத்தால் பைப்பரிடீனும் பைப்பரிக் அமிலமும் வரும். 285 + 18 = 85 + 218. அமைடு நீராற்பகுப்பை மனப்பாடம் செய்து மறந்துபோகிற பிள்ளை, மிளகுச் செடிக்கு முன்னால் நின்று ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

11. நிறைவுறாமை எண் என்ற சாவி.

கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டுங்கள். நைட்ரஜனைக் கூட்டுங்கள். ஹைட்ரஜனையும் ஹாலஜனையும் கழியுங்கள். பாதியாக்குங்கள். வருவது, அந்த மூலக்கூறில் எத்தனை வளையமும் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்து இருக்கின்றன என்ற எண்; முப்பிணைப்பு இரண்டாகக் கணக்கு. காஃபீனுக்கு 6, பைப்பரீனுக்கு 9. ஆரஞ்சுத் தோலை விரலால் பிதுக்கினால் தெறிக்கிறதே, அந்த எண்ணெயில் உள்ள லிமோனீனுக்கு 10 கார்பன், 16 ஹைட்ரஜன், எண் 3. ஒரு வளையம், இரண்டு இரட்டைப் பிணைப்பு. விடை தெரியாத சேர்மத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

12. சுண்டைக்காய், கொண்டைக்கடலை, ஈர்க்குச்சி.

கடையில் விற்கும் மூலக்கூறு மாதிரிப் பெட்டி வேண்டியதில்லை. சுண்டைக்காய் கார்பன், இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை ஹைட்ரஜன், சின்ன வெங்காயம் ஆக்சிஜன், புதிய விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்தால் பிணைப்பு. மீத்தேனைச் செய்யும்போது நான்கு குச்சிகளும் ஒரே தளத்தில் விழாமல், முக்காலிபோல் மூன்றும் மேலே ஒன்றுமாகக் குத்தச் சொல்லுங்கள், கோணம் 109.5 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு குச்சி. அப்போது இரு பக்கமும் சுழலாது. பியூட்-2-ஈன் ஏன் சிஸ், டிரான்ஸ் என்று இரண்டாக இருக்கிறது என்பது கையிலேயே தெரியும்.

பியூட்டன்-2-ஆலை இரண்டு செய்யுங்கள். இரண்டாவதை முதலாவதின் கண்ணாடிப் பிம்பமாக. எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. படித்து முடித்ததும் எல்லாவற்றையும் குழம்பில் போட்டுவிடலாம்.

13. மாற்றியங்களை வரிசை வைத்து எழுதப் பழக்குங்கள்.

பியூட்டேன் வாய்பாட்டுக்கு 2, பென்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5, ஹெப்டேனுக்கு 9. முதலில் நீண்ட நேர்ச்சங்கிலி. பிறகு ஒரு கார்பன் குறைத்துக் கிளை. பிறகு இன்னொன்று குறைத்து. 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்றால் ஆல்கஹால் 4, ஈதர் 3. அடுத்ததாக 5 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜனுக்குப் பிள்ளையே எண்ணட்டும்.

பெயரிடும் பயிற்சிக்கு, தவறான பெயரைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுவது நல்ல வழி. 2-எத்தில்புரொப்பேன் என்று ஒரு சேர்மம் கிடையாது. வரைந்து பார்த்தால் 2-மெத்தில்பியூட்டேன். 3-மெத்தில்பியூட்டன்-4-ஆல் என்பதைத் திருத்தினால் 2-மெத்தில்பியூட்டன்-1-ஆல்.

14. எத்தனாலை நடுவில் வைத்து ஒரு பெரிய தாளில் வரைபடம்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மேலே மரவள்ளி. அதிலிருந்து வரும் சேலத்து ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க ஸ்டார்ச். அது குளுக்கோஸாகி, ஈஸ்ட்டால் நொதித்தால் 180 கிராமுக்கு 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டைஆக்சைடும். நடுவில் எத்தனால். அதிலிருந்து அம்புக்குறிகள்: அடர் கந்தக அமிலம் 443 கெல்வினில் எத்தீன், அதே அமிலம் 413 கெல்வினில் ஈத்தாக்சி ஈத்தேன், சூடான தாமிரத்தின் மேல் எத்தனல், அமிலப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் எத்தனாயிக் அமிலம், அந்த அமிலத்தோடு எஸ்டர், தயோனில் குளோரைடால் குளோரோஈத்தேன், அயோடினும் காரமும் சேர்ந்தால் மஞ்சள் அயடோஃபார்ம், சோடியத்தோடு ஹைட்ரஜன் வாயு. 46 கிராம் எத்தனாலுக்கு அரை மோல் ஹைட்ரஜன், மலையில் 14.6 லிட்டர்.

ஒவ்வொரு அம்பிலும் வினைபொருளும் வெப்பநிலையும் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள், பாராமல் மறுபடி வரையட்டும். விட்டுப்போன அம்பைச் சிவப்பு மையால் போடட்டும்.

15. வீட்டில் செய்யக் கூடாதவை. இதில் சலுகை வேண்டாம்.

கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள்; குளோரின் வாயு வரும். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். ஆக்சிஜன் போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மாம்பழம் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலீன் வரும். பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவதைச் சட்டமும் தடை செய்திருக்கிறது. 64 கிராம் கார்பைடுக்கு 26 கிராம் அசிட்டிலீன் என்ற கணக்கை நோட்டில் போட்டால் போதும்.

16. அடிவாரத்து வெள்ளைக்கல்லுக்கும் ஒரு கணக்கு.

சேலத்திலிருந்து மலையைப் பார்த்து வரும்போது தெரிகிற சுண்ணாம்புக்கரடு, பெயருக்குத்தான் சுண்ணாம்பு. அதில் இருப்பது மக்னீசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மோலார் நிறை 84. சூளையில் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு தங்கும், கார்பன் டைஆக்சைடு போய்விடும். தூய கல் ஒரு கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது எத்தனை கிராம்? வெளியேறும் வாயு, சேலத்துக் காற்றின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் வந்தபின், எத்தனை லிட்டர்?

17. கால்குலேட்டர் இல்லாமல் போடுங்கள்.

நீட், ஜே.இ.இ. தேர்வு அறைகளில் அது கிடையாது. 295ஐ 273 ஆல் வகுப்பதற்கு முன்பே விடை 1.08 என்று கைக்கு வர வேண்டும். வீட்டில் போனைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னங்களாகச் சுருக்கி, கடைசியில் மட்டும் பெருக்கச் சொல்லுங்கள்.

18. நேரம், புத்தகம்.

வாயுக் கணக்கு விடியற்காலையில். கரிம வினைகள் இரவில், தூங்கப் போகுமுன். இரண்டையும் ஒரே நாளில் கலந்து படிப்பது நல்லது. ஒரு வாரம் முழுக்க வாயு, அடுத்த வாரம் முழுக்கக் கரிமம் என்றால் முதல் வாரம் படித்தது கரைந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் பிறகு சிக்னல் வேண்டியதில்லை. பாட இறுதிக் கணக்குகளை முழுதாக முடிக்காமல் வேறு வழிகாட்டி நூல் வாங்க வேண்டாம் என்பேன்.

மலைப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்று தயங்குகிற பெற்றோருக்கு ஒரு செய்தி. 2024இல் பச்சமலையில் சின்ன இலுப்பூர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி, ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் சேர்ந்தார். 2025இல் நம் சேலம் மாவட்டத்திலேயே, கல்வராயன் மலைக் கருமந்துறையின் பழங்குடியினர் பள்ளி மாணவி சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார்.

19. விடைகள்.

குறிப்பு 8: மலையில் 1.46 லிட்டர், சேலத்தில் 1.30 லிட்டர். குறிப்பு 10: உலர் நைட்ரஜனின் அழுத்தம் 634 − 20 = 614 மி.மீ.; கனஅளவு ஏறத்தாழ 60 மி.லி. குறிப்பு 13: மொத்தம் 14; ஆல்கஹால் 8, ஈதர் 6. கண்ணாடிப் பிம்ப மாற்றியங்களைத் தனியாக எண்ணவில்லை. குறிப்பு 16: மிஞ்சுவது 476 கிராம், வெளியேறுவது 11.9 மோல், அதாவது சுமார் 310 லிட்டர். பிள்ளையின் விடை இதிலிருந்து ஓரிரு விழுக்காடு விலகினால் சரியென்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விலகினால், முதலில் 273 கூட்டிய வரியைப் பாருங்கள்.